ராதிகா: ரயிலில் வந்தவரா, ஒன்பதரைக்கு வந்தவரா?

கெடிலக்கரை

நேற்று வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. நெல்லிக்குப்பத்தில் இருந்து பெரிய மாமா வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து டிவியைப் போட்டால் ஏதோ ஒரு சேனலில் 'கிழக்கே போகும் ரயில்'. மாமா கையில் இருந்த வெற்றிலையை மடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். "இதுதாண்டா ராதிகா. இதுக்கப்புறம் நடிச்சதெல்லாம் உபரி" என்றார்.

அடுப்படியில் இருந்து அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாரோ. எனக்குத் தெரிஞ்ச ராதிகா ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வருவா."

அவ்வளவுதான். அண்ணனும் தங்கையும் அரை மணி நேரம். நடுவில் 1985இல் யார் கல்யாணத்துக்கு யார் மொய் எழுதவில்லை என்பது வரைக்கும் போய்விட்டது.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தாலும் ராத்திரி படுத்த பிறகும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. 2000இல் நான் பிளஸ் டூ. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஒன்பதரை ஆனால் சன் டிவி 'சித்தி' சீரியலின் 'கண்ணின் மணி' பாட்டு ஒரு வீட்டில் தொடங்கி அடுத்த வீடு, அடுத்த வீடு என்று ஜன்னல் ஜன்னலாக வரும். காதைப் பொத்திக்கொண்டு வேதியியல் படித்தவன் நான். அதனால் அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது. இப்போது யோசித்தால், தமிழில் வேறு எந்த நடிகைக்கும் இப்படி இரண்டு முழு வாழ்க்கை அமைந்ததாகத் தெரியவில்லை.

நம் கடலூர், பாண்டிப் பக்கத்து ஆட்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்களுக்கு எந்த ராதிகா?

பண்ருட்டி பலா

தம்பி, உங்கள் மாமா கட்சி நான். படம் 1978 ஆகஸ்டில் வந்தது. நான் அப்போது அரை டிக்கெட்டும் இல்லை, முழு டிக்கெட்டும் இல்லை என்கிற வயது.

அந்தப் படத்தின் உயிரே கடைசிப் பெட்டிதான். ஊரை விட்டுப் போன பரஞ்சோதி ரயிலின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புவான், பாஞ்சாலி (ராதிகா) தண்டவாளத்தோரம் நின்று படிப்பாள். நமக்கு அப்போது மீட்டர் கேஜ் பாதை. விழுப்புரத்தில் இருந்து வருகிற பாசஞ்சர் பண்ருட்டியில் நிற்கிற நேரத்தில், எங்கள் செட்டில் ஒருத்தன் கடைசிப் பெட்டியில் சாக்பீஸால் ஒரு பெண் பெயரை எழுதிவிட்டான். அந்தப் பெண் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்துத் தெரு. அவள் படித்தாளோ இல்லையோ, ரயிலின் கார்டு படித்துவிட்டார். அடுத்த வாரம் அவனை அடையாளம் பிடித்துக் காதைத் திருகி, தண்ணீர் வாளி கொடுத்து, அவனையே துடைக்க வைத்தார். பிளாட்பாரமே பார்த்தது.

ராதிகாவுக்கு நடிப்பு தெரியும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. 'எம்.ஆர்.ராதா பொண்ணாம்' என்பதுதான் பேச்சு. 'ரத்தக்கண்ணீர்' ராதாவுக்கு இப்படி ஒரு கிராமத்து முகமா என்று எங்கள் ஊர்ப் பெரிசுகளுக்கு நம்பிக்கையே வரவில்லை. அடுத்த வருஷமே, 1979 செப்டம்பரில், ராதா போய்விட்டார். மகள் எவ்வளவு தூரம் போவாள் என்பதை அவர் பார்க்கவில்லை.

முத்தியால்பேட்டை

ஐயா, ரயில் கதை அருமை. அந்தப் பெயரைச் சொல்லலாமே :)

பண்ருட்டி பலா

சொன்னால் என் வீட்டில் சோறு கிடைக்காது.

கோஆக்ஸியல்

நான் 1997இல் இருந்து கிட்டத்தட்ட பத்து வருஷம் மஞ்சக்குப்பம் பக்கம் கேபிள் தொழிலில் இருந்தவன். எந்த ராதிகா பெரிய ராதிகா என்று நீங்கள் விவாதம் பண்ணுங்கள். எந்த ராதிகா பொல்லாதவர் என்று என்னைக் கேளுங்கள்.

அந்தக் காலத்து கேபிள் எப்படி என்றால், கண்ட்ரோல் ரூமில் இருந்து ஒயர் கிளம்பும். போகப் போக சிக்னல் தேயும். அதனால் நாலு தெருவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் வைப்போம். அதற்குக் கரண்ட் வேண்டுமே, அதனால் ஏதாவது ஒரு வீட்டில் கேட்டு, அவர்கள் திண்ணையில் பெட்டியை மாட்டி, அவர்கள் பிளக்கில் இருந்தே எடுத்துக்கொள்வோம். பதிலுக்கு அந்த வீட்டுக்கு மாசச் சந்தா கிடையாது. எல்லாருக்கும் லாபம். ஒரே ஒரு சிக்கல்: அந்த வீட்டில் மெயினை அணைத்தால் அதற்கு அப்பால் இருக்கிற நாற்பது வீடும் கொசுப் பறக்கிற திரைதான்.

'சித்தி' ஓடிக்கொண்டிருந்த சமயம். அந்த ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்காரர்கள் திருவந்திபுரத்தில் சொந்தக்காரர் கல்யாணம் என்று முதல் நாள் சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். பொறுப்பான மனிதர், போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். வீடு பூட்டு. ஒன்பது முப்பத்திரண்டுக்கு முதல் போன். முப்பத்தைந்துக்கு கண்ட்ரோல் ரூம் வாசலில் ஆள். நாற்பதுக்குப் பெண்களே ஏழெட்டுப் பேர், ஒருத்தர் இடுப்பில் கைக்குழந்தையோடு. அதில் ஒரு பாட்டி திட்டவெல்லாம் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நேத்து எந்த எடத்துல நிறுத்தினான் தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வி நினைவிருக்கிறது.

கடைசியில் பக்கத்து வீட்டில் இருந்து சுவர் ஏறி ஒயர் இழுத்துக் கொடுத்தபோது மணி பத்துக்கு இரண்டு நிமிஷம். எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அன்றில் இருந்து என் பையன்களுக்கு ஒரே கட்டளை. ஒன்பது இருபதுக்கு எல்லா ஆம்ப்ளிஃபையர் வீட்டையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். கிரிக்கெட் இறுதிப்போட்டிக்குக்கூட நான் அந்த மாதிரி சுற்று போனதில்லை.

ஓல்டு டவுன்

நல்ல கதை. ஆனால் அதைத்தான் நான் குறையாகச் சொல்வேன். ஒரு ஊரையே ஒன்பதரைக்கு உட்கார வைப்பது பெரிய சாதனையா? அழுகை, சதி, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, மறுபடி அழுகை. 'சித்தி'யாவது கதையாக இருந்தது. போகப் போக ஒரு கதவு திறப்பதற்கு மூன்று நாள் ஆனது. 'சிப்பிக்குள் முத்து'வில் கமலுக்கு எதிரே நின்று ஒரு வார்த்தை பேசாமல் முகத்தாலேயே சமாளித்த நடிகையை மாதக்கணக்கில் ஒரே சோபாவில் உட்கார வைத்தார்கள். என்னைக் கேட்டால் அது நஷ்டம்தான்.

முத்தியால்பேட்டை

ஒரு சின்னத் திருத்தம், 'சிப்பிக்குள் முத்து' டப்பிங் படம். மூலம் கே.விஸ்வநாத்தின் 'சுவாதி முத்யம்', தெலுங்கு, 1986. அந்த வருஷம் இந்தியா சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பிய படமும் அதுதான். எங்கள் பக்கத்தில் ஏனாம் (ஆந்திராவுக்குள் இருக்கிற புதுச்சேரிப் பகுதி) சொந்தங்கள் வந்தால் ராதிகாவைத் தெலுங்கு நடிகை என்றே பேசுவார்கள். சண்டை போட்டும் பார்த்துவிட்டேன், ஒப்புக்கொள்வதில்லை.

பண்ருட்டி பலா

டப்பிங் என்றதும் ஞாபகம் வருகிறது. 'முதல் மரியாதை'யில் நடிகை ராதா செய்த குயில் வேஷத்துக்குக் குரல் யாருடையது தெரியுமா? ராதிகா. 1985. சிவாஜிக்கு எதிரே நடித்தது ஒருவர், பேசியது இன்னொருவர். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பரிசல் காட்சிகளைக் கேளுங்கள், பிடிபடும். அந்தக் கரகரப்பை ஒளிக்க முடியாது.

கெடிலக்கரை

ஐயா, இது எனக்குத் தெரியாது! மாமாவுக்கும் தெரிந்திருக்காது. இன்றைக்கே போன் போட்டு மடக்குகிறேன்.

ஓல்டு டவுன் அண்ணனுக்கு. நஷ்டம் என்றீர்கள். நான் நேற்று ராத்திரி போட்ட கணக்கைச் சொல்கிறேன். 1978இல் அறிமுகம். 1990 'கேளடி கண்மணி' வரைக்கும் தாராளமாகக் கதாநாயகி என்று வைத்துக்கொள்வோம், 12 வருஷம். 1993இல் 'கிழக்குச் சீமையிலே' விருமாயி. அது பெரிய வேஷம்தான், அண்ணன் தங்கை இருக்கிற எந்த வீட்டிலும் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்து முடிக்க முடியாது. ஆனால் அதற்கு அடுத்து என்ன நடந்தது பாருங்கள். 1995 'பசும்பொன்'னில் பிரபுவுக்கு அம்மா. பிரபு வயதில் அவரைவிட மூத்தவர்! 1997 'சூரியவம்ச'த்தில் பெரிய சரத்குமாருக்கு மனைவி, சின்ன சரத்குமாருக்கு அம்மா. அதாவது அன்றைய கணக்கில் சினிமா அவரை மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டது.

1999 டிசம்பரில் 'சித்தி'. அப்புறம் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி'. 2018 முடிகிற வரைக்கும். 19 வருஷம், எல்லாவற்றிலும் கதையின் நடு அவர்தான். சினிமாவில் நாயகியாக இருந்ததைவிட அதிகக் காலம் சீரியலில் நாயகி. கதவு திறக்க மூன்று நாள் ஆனது உண்மைதான். ஆனால் அந்தக் கதவை அவர்தானே திறந்தார்? சினிமாவில் இருந்திருந்தால் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்.

கோஆக்ஸியல்

"காபி கொண்டுவந்து வைத்துவிட்டு". தம்பி பொளந்துகட்டிவிட்டார்.

பாண்டி டு வடபழனி

இந்த இழையை வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். நான் கோரிமேடு. சென்னையில் நாலு வருஷம் சீரியல் எடிட்டிங்கில் உதவியாளராக இருந்தேன் (ராதிகா கம்பெனி இல்லை, வேறொன்று, பேர் வேண்டாம், கடைசி மூன்று மாசச் சம்பளம் இன்னும் வரவில்லை). உள்ளே இருந்து பார்த்தவனாக ஒரு விஷயம்.

எல்லாரும் அவர் நடிப்பைப் பேசுகிறீர்கள். முக்கியம் அது இல்லை. அந்தக் காலத்தில் சன் டிவி போன்ற சேனலில் தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்துக்குச் சேனலிடம் பணம் கட்ட வேண்டும். அந்த அரை மணி நேரம் அவர் பொறுப்பு. அதில் கதை ஓடுவது இருபது, இருபத்திரண்டு நிமிஷம். மிச்சத்தில் விளம்பரம் பிடித்து, போட்ட காசை எடுக்க வேண்டும். கதை ஓடவில்லை என்றால் விளம்பரம் வராது, ஆனால் கட்ட வேண்டிய பணம் கட்டியே ஆக வேண்டும். கிட்டத்தட்ட கடைத்தெருவில் வாடகைக்குக் கடை எடுத்து நடத்துகிற மாதிரி. அந்தக் கடையை 'ராடான்' என்ற பெயரில் எடுத்தவர் ராதிகா. நடிகை, தயாரிப்பாளர் இரண்டும் அவரே. பிற்பாடு அது பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனி. ஒரு நடிகை ரிடையர் ஆகி சீரியலுக்கு வந்தார் என்று சொல்வது அதனால்தான் எனக்கு உறுத்தும். அவர் வேலை தேடி அங்கே போகவில்லை. நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கப் போனார்.

இது திடீரென்று வந்ததும் இல்லை. 1985இலேயே 'மீண்டும் ஒரு காதல் கதை' படத்தைத் தயாரித்து நடித்தவர். பிரதாப் போத்தன் இயக்கம். அறிமுக இயக்குநரின் சிறந்த படம் என்று இந்திரா காந்தி பெயரில் தேசிய விருது. அந்த விருதில் தயாரிப்பாளருக்கும் பங்கு உண்டு. தேசிய விருது மேடைக்கு அவர் தயாரிப்பாளராகப் போனார் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

இழுவை பற்றியும் சொல்கிறேன். அது பல நேரம் கதைக்காரர் குற்றம் இல்லை. கால்ஷீட் குற்றம். ஒரு நடிகர் மாசத்துக்குப் பத்து நாள்தான் தருவார். வளசரவாக்கத்தில் பங்களா வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும், எல்லாரும் வந்திருப்பார்கள், அவர் மட்டும் வேறொரு சீரியலில் அழுதுகொண்டிருப்பார். உடனே இங்கே வசனம் மாறும். 'அண்ணன் பெங்களூர் போயிருக்கார்மா.' நீங்கள் பார்த்த சீரியலில் யாராவது திடீரென்று பெங்களூர் போயிருந்தால் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் எடிட்டர் ஒரு எபிசோடில் இரண்டு நிமிஷம் குறைகிறது என்று ஊஞ்சல் ஆடுவதை மூன்று தடவை போட்டார். ஒரு புகார்கூட வரவில்லை. ஒரு அம்மா மட்டும் போன் பண்ணி அந்த ஊஞ்சல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

'வாணி ராணி' எடுத்தவர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும். இரட்டை வேஷம், வாரம் பூரா, 2013இல் இருந்து 2018 வரைக்கும், 1700க்கும் மேல் எபிசோடு. இரண்டு பேரும் ஒரே அறையில் என்றால் வாணியாக ஒரு தடவை, சேலை, முடி, பொட்டு மாற்றி ராணியாக ஒரு தடவை. எதிரே தோளைக் காட்ட ஒரு டூப். சினிமாவில் இதைப் பத்து நாளில் எடுத்து முடித்துப் பூசணிக்காய் உடைத்துவிடுவார்கள். இங்கே திங்கட்கிழமை மறுபடி பூசணிக்காய்.

ஓல்டு டவுன்

சரி, கடை வாடகை என்று சொன்ன பிறகு கொஞ்சம் புரிகிறது. நான் ஓல்டு டவுனில் மளிகை நடத்துகிறவன். ஒருநாள் கடையைச் சாத்தினாலும் வாடகை ஓடும். ஆனால் சரக்கைப் பற்றிய என் புகார் அப்படியே இருக்கிறது, அதை விடமாட்டேன். 'மெட்டி ஒலி'யும் அதே சேனலில் அதே காலத்தில் ஓடியதுதானே. அதில் ஐந்து பெண்ணைப் பெற்ற அப்பாவின் வீடு நம் தெரு வீடு மாதிரி இருந்தது. ராதிகா சீரியலில் எல்லாரும் மாடிப்படி உள்ள வீட்டில் இருந்தார்கள்.

கெடிலக்கரை

மாடிப்படி பாயிண்டை ஒப்புக்கொள்கிறேன். படியில் நின்று பேசாத வில்லியே கிடையாது.

மஞ்சள் கொன்றை

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. எல்லாரும் அண்ணன்களாக இருக்கிறீர்கள், ஒரு பெண் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணம் 1998இல். இரண்டாம் தாரம். அவருக்கு முதல் மனைவி தவறிப்போய் ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. பாகூர் பக்கம் கிராமம். அந்தப் பிள்ளை என்னை எப்படியும் கூப்பிடாது. அம்மா என்று கூப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். 'சித்தி' என்று கூப்பிடச் சொன்னால் ஊரில் அந்தச் சொல்லுக்கே ஒரு வாசனை உண்டு. கதையில் சித்தி என்றால் சூடு போடுகிறவள், சோறு மறைக்கிறவள். அம்மாவின் தங்கைக்கும் அதே பேர்தான், ஆனாலும் பக்கத்து வீட்டுக் கிழவி அந்தப் பிள்ளையிடம் "உன் சித்தி சாப்பாடு போட்டாளா?" என்று கேட்கிற தொனியில் எது என்று தெரிந்துவிடும்.

அந்தச் சீரியல் வந்ததும் தெருவில் பிள்ளைகள் விளையாட்டே அதுதான். ஒருத்தி ராதிகா, மற்றவர்கள் மிச்சம். ஒருநாள் நான் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் இருந்து எவளோ ஒரு பிள்ளை, "நீ ராதிகா ஆக முடியாது, நீ குட்டை" என்று சொல்ல, எங்கள் வீட்டுப் பெண் பதிலுக்கு, "எங்க வீட்லயே சித்தி இருக்கு, உங்க வீட்ல இருக்கா?" என்றாள். பெருமைக்குச் சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லை, என்னைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். என்னைக் கூப்பிட அதற்கப்புறமும் ஒரு வருஷம் ஆனது.

சீரியலால்தான் எல்லாம் மாறியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் மாடிப்படி, அழுகை என்று கேலி பண்ணும்போது இதையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

பண்ருட்டி பலா

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எனக்கு 'கேளடி கண்மணி' ஞாபகம் வந்துவிட்டது. யாராவது இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தீர்களா? அந்தப் படத்தில் எஸ்.பி.பி. மனைவியை இழந்தவர், ஒரு சின்னப் பெண் குழந்தை. ராதிகா டீச்சர். வாய் பேசாத, காது கேளாத பெற்றோரோடு இருப்பவர். இருவருக்கும் பிடித்துப் போகிறது. அந்தக் குழந்தைதான் ஒப்புக்கொள்ளாது, கல்யாணம் நின்றுவிடும். 1990இல் சித்தி ஆக முடியாமல் போன அதே ஆள் 1999இல் 'சித்தி' என்று பேர் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு வந்துவிட்டார்.

நான் இவ்வளவு நாளும் சினிமா ராதிகா வேறு, சீரியல் ராதிகா வேறு என்று நினைத்திருந்தேன்.

முத்தியால்பேட்டை

அட! இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2020இல் 'கோடீஸ்வரி' என்று பெண்களுக்கு மட்டுமான விநாடி வினா நடத்தினாரே, அதில் ஒரு கோடி வென்றவர் காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர் ராதிகா. 'கேளடி கண்மணி'யில் பூர்ணம் விஸ்வநாதனோடும் ஸ்ரீவித்யாவோடும் கையாலும் கண்ணாலும் பேசிய காட்சிதான் எனக்கு அன்றைக்கு ஓடியது.

அப்புறம், அந்தப் படத்துப் பாட்டு 'மண்ணில் இந்தக் காதலன்றி'யை மூச்சு விடாமல் பாடுகிறேன் என்று சில்வர் பீச்சில் என் தம்பி ஒருவன் முயற்சி பண்ணி, பாதியில் இருமி, சுண்டல்காரர் தண்ணீர் கொடுத்தது தனிக்கதை.

கோஆக்ஸியல்

தானே புயலைச் சொல்லாமல் விட்டால் கடலூர்க்காரன் இல்லை. 2011 டிசம்பர் 30 காலை. அதற்குள் நான் தொழிலை விட்டிருந்தேன், ஆனால் சந்தா கட்டிய ஜனங்கள் என்னை விடவில்லை. 'செல்லமே' ஓடிக்கொண்டிருந்த சமயம். கம்பம் எல்லாம் படுத்துவிட்டது, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "கூரை போச்சு, முந்திரி போச்சு, அது கெடக்கட்டும். அந்த டிவி கதை என்ன ஆச்சுன்னு யாரையாவது கேட்டுச் சொல்லேன், மெட்ராஸ்ல உனக்கு ஆள் இருக்குல்ல" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சென்னையில் இருந்த என் மைத்துனனுக்குப் போன் போட்டு, அவன் மனைவியிடம் கதை கேட்டு, மறுநாள் அதே வரிசையில் போய்ச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல இன்னும் நாலு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

பண்ருட்டி பலா

எங்கள் தோப்பில் 60 பலா அன்றைக்குச் சாய்ந்தது. என் வீட்டம்மாவும் அந்த வரிசை மாதிரித்தான். மரத்துக்கு அழுதுவிட்டு, ராத்திரி ஒன்பதரைக்கு அணைந்த டிவிக்கு எதிரே பழக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஓல்டு டவுன்

2012 கரண்ட் கட்டு காலத்தில் ரெட்டிச்சாவடி பக்கத்தில் இருந்த என் அத்தை ராத்திரியில் கன்னியக்கோயிலில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விடுவார். பாண்டி எல்லை, அங்கே கரண்ட் இருக்கும். மருமகனிடம் "பேத்தியைப் பார்க்க வந்தேன்" என்பார். பேத்தி எட்டு மணிக்கே தூங்கியிருக்கும். இதை என் பக்கத்து வாதமாகத்தான் சொல்ல வந்தேன், எழுதிப் பார்த்தால் எதிர்க்கட்சிக்கு உதவுகிற மாதிரி இருக்கிறது.

பாண்டி டு வடபழனி

எல்லை தாண்டிய அத்தைக்கு ஒரு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிக்கொள்கிறேன். 2015 'நானும் ரௌடிதான்' பாண்டிச்சேரிக் கதை. விஜய் சேதுபதி 'பாண்டி' பாண்டி, அம்மா மீனாகுமாரியாக ராதிகா, போலீஸ்காரி. படப்பிடிப்பு நடந்தபோது நானும் போய் நின்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குடை மட்டும்தான் தெரிந்தது. ஆனால் படத்தில் அவர் வருகிற இடம் எல்லாம் தியேட்டரில் விசில். மகனிடம் பேசுகிற அந்த அலட்சியத் தொனி, காக்கிச் சட்டை போட்ட அம்மா. இருபது வருஷத்துக்கு முன்னால் 'அம்மா வேஷம்' என்றால் ஓரத்து நாற்காலி என்று கெடிலக்கரை சொன்னார். சீரியலில் 16 வருஷம் நடுவில் நின்றுவிட்டு வந்தவருக்கு அந்த நாற்காலியைப் போட யாருக்கும் தைரியம் இல்லை. அடுத்த வருஷம் 'தெறி'யில் விஜய்க்கு அம்மா, 'தர்மதுரை'யில் மறுபடி சேதுபதிக்கு அம்மா, 2022இல் 'லவ் டுடே'. அம்மாதான், ஆனால் காட்சி அவர் கையில் இருக்கும்.

நெல்லிக்குப்பம் கரும்பு

விருதுநகர் தேர்தலைப் பற்றி யாரும் பேசவில்லையே?

முத்தியால்பேட்டை

2024இல் நின்றார், தோற்றார். அவ்வளவுதான். மேலே பேசினால் இழையைப் பூட்டிவிடுவார்கள், கரும்பு. 'சித்தி 2'வை 2021இல் பாதியில் விட்டுவிட்டு அரசியல் பக்கம் போனதுதான் எங்கள் அம்மாவுக்குத் தீராத வருத்தம். 'அவ இல்லாம எதுக்கு அந்தப் பேரு' என்று அன்றோடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்குப் போன் போட்டு 'முதல் மரியாதை' குரலைக் கேட்டேன். ஐந்து நொடி சத்தமே இல்லை. "அதான் அந்தப் பொண்ணு பேசறப்பல்லாம் எனக்கு என்னமோ பண்ணுச்சு" என்றார். தெரியாது என்று மட்டும் வாயில் வரவில்லை.

அம்மாவுக்கு நேற்று மத்தியானம் போனில் 'கேளடி கண்மணி' போட்டுக் கொடுத்தேன். பலா ஐயா சொன்னதைச் சொல்லவில்லை, சும்மா பாருங்கள் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைச் சம்படத்தில் சாய்த்து வைத்து முழுசாகப் பார்த்தார். அந்தக் குழந்தை டீச்சரை வேண்டாம் என்று சொல்கிற இடம் வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இருடி, இன்னும் ஒன்பது வருஷத்துல வரா" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எழுந்து போய் உலை வைத்தார்.